அழித்ததாக எழுதுங்கள்

— அழிச்சாச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. ஆனா அழிக்காதீங்க. அவ்வளவுதான் தாலாய் அண்ணே நான் கேக்குறது.

— இருபது வருஷமா இந்த இரும்புப் பெட்டிக் கடைக்குள்ள உக்காந்து சாவி வெட்டுறேன் தங்கச்சி. சாவியை ஆத்துல விட்டவன் வந்திருக்கான். சாவியைத் தின்ன ஆட்டையே கயித்துல கட்டி இழுத்துட்டு வந்திருக்கான் ஒருத்தன். செய்யாத வேலைக்குச் சீட்டு கேட்டு வர்ற முதல் ஆள் நீதான்.

— கூலியில ஒண்ணும் குறைக்க வேண்டாம்.

— கூலி கிடக்கட்டும். கதவைச் சாத்திட்டு உள்ள வந்து உக்காரு. இந்த நரின் ஊர்ல அக்டோபர் பொறந்தாலே காத்துக்குப் பல்லு முளைச்சிடுது. பேரென்ன?

— தாமிரா. பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு. ரொட்டி சுட்டுக் கடைகளுக்குப் போடுறேன். அதோ, அந்த வண்டியிலதான்.

— அந்த நீல வண்டியா? ஜப்பான்காரன் ஓட்டித் தேய்ச்சதை நாம வாங்கி மறுபடி தேய்க்கிறோம். சரி, சீட்டு யாருக்கு?

— எங்க வீட்டுக்காரருக்கு. இந்த மாசம் மட்டும் எங்க பக்கம் ரெண்டு வண்டி போயிடுச்சு. கண்ணாடி உடையல, பூட்டு உடையல. சாவி போட்டுத் திறந்து, சொந்தக்காரன் மாதிரி ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. ரெண்டுமே பழசா வாங்கின வண்டி. ரெண்டுக்குமே ஒத்தைச் சாவிதான் கைக்கு வந்துச்சாம். அன்னிலேர்ந்து ஜானிஷ் என்னைப் பிடுங்கி எடுக்குறாரு. 'உன் வண்டிக்கும் ஒரு சாவி வெளியில சுத்துது, போய் அழிச்சிட்டு வா'ங்கிறாரு. வாயால சொன்னா நம்ப மாட்டாரு. சீட்டு வேணுமாம்.

— புத்தியுள்ள மனுஷன்.

— அவர் சொல்றது தப்புன்னு நான் சொல்லல.

— பின்ன என்ன? பாரு, காருன்னா அது தன்னோட சாவிங்களை மனசுல வெச்சிருக்கும். சாவியோட தலைக்குள்ள அரிசி அளவு ஒரு சில்லு இருக்கு. இவன் என் ஆளுன்னு காரு அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். நான் என்ன பண்ணுவேன்? மிஷினை மாட்டி எல்லாச் சாவியையும் மறக்கடிச்சுடுவேன். அப்புறம் உன் கையில இருக்கிறதை மட்டும் திருப்பிச் சொல்லிக் குடுப்பேன். கால் மணி நேர வேலை. அதோட அந்த இன்னொரு சாவி வெறும் இரும்பு.

— அது வெறும் இரும்பாகக் கூடாது.

— யார்கிட்ட இருக்கு அது?

— என் தங்கச்சிகிட்ட.

— அட, இதுக்குத்தானா? போய் வாங்கிக்க வேண்டியதுதானே. பேச்சுவார்த்தை இல்லையா?

— அவ இல்ல.

— அடடா. காலமாயிட்டாளா?

— ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! போயிட்டா. ஜனவரியில. எங்கேன்னு தெரியாது. நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, சின்ன ஊருதானே. பெர்மெத். எசென் பொண்டாட்டி.

— எந்த எசென்? இந்த ஊர்ல குதிரைங்களை விட எசெனுங்க ஜாஸ்தி.

— ஆத்துக்கு அந்தப் பக்கம், மாட்டுச்சந்தைக்குப் பின்னாடி. செங்கல் வீடு.

— பெர்மெத்... ஆமா, ஏதோ காதுல விழுந்துச்சு. யாரோ ஒரு...

— சொல்லுங்க அண்ணே, கூச்சப்படாதீங்க. எவனோ லாரிக்காரனோட ரஷ்யாவுக்கு ஓடிட்டா. எல்லாரும் சொல்றதுதானே.

— நான் சொல்லல. ஊர் சொல்லுச்சு.

— ஊருக்கு எசென் சொன்னான். வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போயிருந்தானாம். தொழுதுட்டுத் திரும்பி வந்தா வீடு காலியாம். 'தெருமுனையில ஒரு லாரி நின்னுச்சு, நானும் பாத்தேன், எனக்கென்ன தெரியும்'னு அழுதான். போலீஸ்ல, வயசு வந்த பொண்ணு, தானாப் போயிருக்கா, நாங்க என்ன பண்றதுன்னுட்டாங்க.

— போன் கீன் ஒண்ணும் இல்லையா?

— அன்னிலேர்ந்து அணைஞ்சே கிடக்கு. ஒன்பது மாசம்.

— இந்த டீயைக் குடி. உப்புப் போட்டிருக்கேன், கொஞ்சம் தூக்கலா இருக்கும். வண்டி எப்படி உன் கைக்கு வந்துச்சு?

— எங்கப்பா அவ கல்யாணத்துக்குச் சீராக் குடுத்த வண்டி அது. எனக்கு அஞ்சு மெத்தையும் ஒரு மரப்பெட்டியும் குடுத்தாரு. அவளுக்குக் காரு. கடைசிப் பொண்ணு, செல்லம். ரெண்டு சாவியையும் சிவப்பு நாடாவுல கோத்து அவ கழுத்துல போட்டாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். உள்ள எப்படி எரிஞ்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப அந்த வண்டியிலதான் நான் ரொட்டி ஏத்திட்டுப் போறேன். உக்கார்றப்பல்லாம் அவ இடத்துல உக்கார்ற மாதிரி இருக்கு. ஆசைப்பட்டதுக்கு இதுவா பலன்னு தோணும்.

— அதெல்லாம் மனசு பண்ற வேலை.

— மே மாசம் எசென் தானே ஓட்டிட்டு வந்து எங்க வாசல்ல நிறுத்தினான். 'பொண்ணு இல்லாத வீட்டுல அவ சீர் நிக்கக் கூடாது, எடுத்துக்கங்க'ன்னான். எங்கம்மா அவன் தலையைத் தடவி அழுதாங்க. ஒரு சாவியைத்தான் கையில வெச்சான். இன்னொண்ணு எங்கேன்னு கேட்டேன். 'அவளே எடுத்துட்டுப் போயிட்டா'ன்னான்.

— மானஸ்தன்தான் போல. சீரைத் திருப்பிக் குடுக்குற ஆளை இந்தக் காலத்துல எங்க பாக்குற? என் மச்சான் விவாகரத்தானப்ப தேக்கரண்டி வரைக்கும் எண்ணி வெச்சுக்கிட்டான்.

— நானும் அப்படித்தான் சொன்னேன். மானஸ்தன்னு.

— சரி, இப்ப யோசிச்சுப் பாரு. ஓடிப்போனவ கையில ஒரு சாவி. அவகூட ஒரு லாரிக்காரன். நாளைக்கு அவன் கை நீட்டிச் சாவியை வாங்கிட்டு நரினுக்கு வந்து, உன் வண்டியை எடுத்துட்டுப் போனா என்ன பண்ணுவே?

— அவன் எடுக்கக் கூடாது. அவ எடுக்கணும்.

— என்னது?

— அவ வந்து எடுத்துட்டுப் போகட்டும்னுதான் வெச்சிருக்கேன்.

— இரு, இரு. அந்தச் சாவியைக் குடு. வா, வண்டியைப் பாப்போம். பேசிட்டே இருந்தா எனக்கும் பைத்தியம் பிடிச்சிடும்... பின்சீட்டுல என்ன மூட்டை? ரொட்டியா?

— இல்ல. கம்பளிக் கோட்டு, பூட்ஸ். ரெண்டு ஜோடி காலுறை.

— யாருக்கு?

— அவளுக்கு. அவ கோட்டு அங்க ஆணியிலயே தொங்குதுன்னு அம்மா பாத்துட்டு வந்து சொன்னாங்க. அவசரத்துல மறந்துட்டாளாம். ஜனவரியில, அண்ணே.

— லாரிக்குள்ள ஹீட்டர் இருந்திருக்கும்.

— அதேதான் எசெனும் சொன்னான்.

— டேங்க்கு முக்கால் நிக்குது. ரொட்டிக்காரங்க டேங்க் ரொப்பி வெச்சு நான் பாத்ததே இல்ல.

— பாதிக்குக் கீழ எறங்க விட மாட்டேன். அவ பிஷ்கேக் பட்டணம் வரைக்குமாவது போகணுமில்ல.

— இதென்ன, முன்னாடி டப்பாவுல காகிதமெல்லாம் கிடக்கு! வண்டிப் பத்திரம், இன்ஷூரன்ஸு... யம்மா, திருடனுக்கு டீ போட்டு மூடி வெச்சிட்டு வந்த மாதிரி இருக்கு இது.

— வழியில நிறுத்திக் கேட்டா அவ என்னத்தைக் காட்டுவா?

— பொழுது சாஞ்சா எங்க நிறுத்துறே? முற்றத்துக்குள்ளதானே?

— தெருவுல. கேட்டுக்கு வெளிய. எங்க நாய் புதுசு, அவளைத் தெரியாது. குரைச்சா பயந்துட்டுத் திரும்பிப் போயிடுவா. அம்மா வேற முழிச்சுப்பாங்க. எங்க மூஞ்சியைப் பாக்க அவளுக்குக் கூசும்ல? பாக்க வேணாம். யார் கண்ணுலயும் படாம வந்து, திறந்து, உக்காந்து, போயிடட்டும்.

— ஜானிஷ் இதையெல்லாம் கேக்க மாட்டாரா?

— கேட்டோட அடி மண்ணுல புதைஞ்சிருக்கு, திறக்க வரலன்னு சொல்லிருக்கேன்.

— நானும் இத்தனை வருஷமா எல்லாருக்கும் பாடம் எடுக்குறேன். பழைய வண்டி வாங்குறியா, ரெண்டு சாவியையும் கேட்டு வாங்கு. ஒண்ணுதான் இருக்குன்னு எவனாவது சொன்னா அன்னிக்கே இன்னொண்ணை அழி. கதவுப் பூட்டோட உருளையை மாத்து. ஸ்டீயரிங்குக்கு இரும்புத்தடி போடு. பெட்ரோல் பம்ப்புக்கு ஒரு ஒளிவு ஸ்விட்ச் வை. காகிதத்தை வீட்டுல வை. நீ ஒவ்வொண்ணையும் தலைகீழாச் செஞ்சு வெச்சிருக்க.

— ஒளிவு ஸ்விட்ச்சுன்னா?

— சீட்டுக்கு அடியில சின்னதா ஒரு பொத்தான். அதை அமுக்காம வண்டி நகராது. உனக்கு மட்டும்தான் தெரியும்.

— அவளுக்கு எப்படித் தெரியும்?

— பெரிய எழுத்துல எழுதிக் கண்ணாடியில ஒட்டிடேன்! 'பெர்மெத், பொத்தான் சீட்டுக்கு அடியில'ன்னு!

— சிரிக்காதீங்க அண்ணே.

— சிரிக்கல தங்கச்சி. வேற என்ன பண்றதுன்னு தெரியல, அதான். வா, உள்ள போலாம், விரல் விறைக்குது.

— காலையில எந்திரிச்சதும் நேரா ஜன்னலுக்குத்தான் போவேன். திரையை விலக்கினா வண்டி நிக்கும். அப்பாடா நிக்குதேன்னு ஒரு நிம்மதி வரும். அது அடங்குறதுக்குள்ள, இன்னிக்கும் நிக்குதே, அவ வரலையேன்னு ஆயிடும். ரெண்டும் ஒரே மூச்சுல. அப்புறம்தான் மாவு பிசையப் போவேன். ஒன்பது மாசத்துல அழுததே இல்ல நான். அவளைத் திட்டிருக்கேன். எங்க தெருவுல பொம்பளைங்க அவளைப் பேசினப்ப கூடச் சேந்து நானும் பேசினேன். குடும்பத்து மூக்கை அறுத்துட்டுப் போயிட்டான்னேன். பேசிட்டு வந்து வண்டியில பெட்ரோல் போட்டேன். நான் எந்த மாதிரி ஆளுன்னு எனக்கே புரியல.

— அவனோட அவ எப்படி இருந்தா?

— இருந்தா. கையில ரத்தம் கட்டி நீலமா இருக்கும். என்னடின்னா கதவுல இடிச்சுக்கிட்டேன்பா. நானும் கதவை நம்பினேன்.

— ம்.

— எல்லார் வீட்டுலயும் இருக்கிறதுதானேன்னு நினைச்சேன். குழந்தை பொறந்தா சரியாயிடும்னு அம்மா சொல்வாங்க. சேந்து நானும் சொல்வேன்.

— அந்த டப்பாவைப் பாரு, மேல் தட்டுல. வெட்டச் சொல்லிட்டு வாங்க வராத சாவிங்க. சிலதுக்குப் பத்து வருஷம் ஆச்சு. வீட்டை வித்துட்டுப் போயிருப்பாங்க, செத்தும் போயிருப்பாங்க. என் பொண்டாட்டி தூக்கி எறியச் சொல்றா. எனக்குக் கை வரல. ஒருநாள் எவனாவது வந்து நின்னா என்ன சொல்றதுன்னு.

— அப்ப உங்களுக்குப் புரியுது.

— புரியுதுங்கறதுக்காகப் பொய் எழுத முடியாது. ரொட்டி மேல சத்தியம் வாங்கித் தொழில் பண்றவன் நான், பொய் எழுதினா அந்த ரொட்டி என்னை அடிக்கும். ஆனா ஒண்ணு பண்ணலாம். மிஷினை மாட்டுறேன். எத்தனை சாவி இருக்குன்னு மட்டும் பாக்குறேன். பாத்துட்டு 'சாவிப் பதிவு சரிபாக்கப்பட்டது'ன்னு ரஷ்ய மொழியில, டாக்டர் கையெழுத்துல எழுதி முத்திரை குத்துறேன். அது உண்மைதானே? முத்திரையைப் பாத்துட்டா எந்தப் புருஷனும் எழுத்தைப் படிக்க மாட்டான்.

— உங்களுக்குக் கோடிப் புண்ணியம் அண்ணே.

— புண்ணியமெல்லாம் அப்புறம். மறுபடி வெளிய போகணுமே, அதான் கஷ்டம். வா. நீ டிரைவர் சீட்டுல உக்காரு. நான் இந்தப் பக்கத்துலேர்ந்து வயரை மாட்டிக்கறேன். சாவியைப் போட்டு ரெண்டு திருகு. எஞ்சின் வேண்டாம்... ம், அப்படியே பிடி... மிஷின் தூங்குமூஞ்சி, முழிக்க நேரமாகும்... வந்துடுச்சு... இரு.

— என்ன?

— எடுத்துட்டு மறுபடி போடு.

— போட்டாச்சு.

— இன்னொரு தடவை.

— என்ன அண்ணே? வண்டியில ஏதாவது கோளாறா?

— தங்கச்சி, அந்தச் சாவிக்காக நீ எங்கிட்ட இவ்வளவு கெஞ்சவே தேவையில்ல. காரு மனசுல ஒரே ஒரு சாவிதான் இருக்கு. உன் கையில இருக்கிறது.

— அப்ப அவளோடது?

— அது முன்னாடியே அழிஞ்சு போச்சு.

— தானா அழிஞ்சிருக்குமா? பழைய வண்டிதானே.

— வண்டி கிழடானாலும் அது மட்டும் மறக்காது. யாரோ மிஷினை மாட்டி உக்காந்து அழிச்சிருக்காங்க. ஒருவேளை உங்கப்பா வாங்குறப்பவே ஒரு சாவி வேலை செய்யாம இருந்திருக்குமோ?

— இல்ல, ரெண்டும் வேலை செஞ்சுது. டிசம்பர்ல அம்மா பொறந்தநாளுக்கு அவதான் ஓட்டிட்டு வந்தா. நாடா கட்டின சாவி. எங்க வீட்டு மேசையில கிடந்துச்சு, நான் அந்த நாடாவைத் தொட்டுப் பாத்தேன். இப்ப என் கையில இருக்கிறதுல நாடாவே கிடையாது.

— அப்ப டிசம்பருக்கும் மே மாசத்துக்கும் நடுவுல.

— எசென்தான் அழிச்சிருப்பான். வேற யாரு? ஓடினவ திரும்பி வந்து வண்டியை எடுத்துடப் போறான்னு. அதுல தப்பு சொல்ல முடியாதே... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்.

— சொல்லிருக்கலாம்.

— அண்ணே, அழிச்ச சாவிக்குக் கதவாவது திறக்குமா?

— திறக்கும். அதை இரும்பு பாத்துக்கும். ஓட்டத்தான் முடியாது.

— அப்ப ஒருநாள் அவ வந்திருந்தா? திறந்து உக்காந்து, திருகிப் பாத்திருந்தா? நாந்தான் அவளை அழிச்சுட்டேன்னு நினைச்சிருப்பா. அக்கா வண்டியைத் தனக்குன்னு ஆக்கிக்கிட்டான்னு நினைச்சுட்டுக் கோட்டைக் கூட எடுக்காமப் போயிருப்பா.

— இப்படி யோசிச்சா முடிவே கிடையாது. உள்ள வா.

— மறுபடி சேக்க முடியுமா? அவ சாவியைச் சேத்துடுங்க அண்ணே.

— அந்தச் சாவி இங்க கையில இருந்தாத்தான் சேக்க முடியும். இல்லாத ஆளோட எப்படிக் கை குலுக்குறது?

— எங்க போய் அழிச்சான்? பிஷ்கேக்லயா?

— அதுக்கு அவ்வளவு தூரம் போவானேன்? நரின்ல இந்த மிஷின் என்கிட்ட மட்டும்தான் இருக்கு.

— அப்ப... நீங்கதானா?

— நானாத்தான் இருக்கணும். முறைக்காதே. ஒரு நாளைக்கு ஆறு ஏழு வண்டி வருது, எல்லாமே இதே மாதிரி ஜப்பான் வண்டி, நீலத்துல மட்டும் நூறு இருக்கும். நோட்டுல பாத்தா தெரியும். போன வருஷம் திருட்டு கூடினதுலேர்ந்து எல்லாத்தையும் எழுதி வெக்கச் சொல்லிருக்காங்க. தேதி, பேரு, வண்டி நம்பரு, எத்தனை சாவி, கையெழுத்து. உன் நம்பரைச் சொல்லு.

— நாலு ஏழு ஒண்ணு.

— நாலு ஏழு ஒண்ணு... மே மாசத்துல இல்ல. ஏப்ரல்... இல்ல. மார்ச்சுல பாதி நாள் கடையே திறக்கல, எனக்கு முதுகுவலி... பிப்ரவரியிலயும் காணோம்.

— அவ போனதுக்கு அப்புறம்தான் இருக்கும். ஜனவரி கடைசியில பாருங்க. அவ போனது இருபதாம் தேதி.

— முப்பத்தொண்ணு... இருபத்தஞ்சு... இருபத்திமூணு... இல்லையே. ஒருவேளை நான் எழுதாம... இரு. இதோ இருக்கு. நாலு ஏழு ஒண்ணு. எசென். கையில ஒரு சாவி. ஒண்ணு தொலைஞ்சது. தொலைஞ்சதை அழிச்சது. கையெழுத்துப் போட்டிருக்கான்.

— தேதியைச் சொல்லுங்க.

— என் எழுத்துதானே இது. கண்ணாடி எங்க வெச்சேன்...

— தேதி, அண்ணே.

— பத்தொன்பது.

— இருபத்தொன்பதா?

— பத்தொன்பது. வியாழக்கிழமை.

— அவ போனது வெள்ளிக்கிழமை.

— ஆமா.

— போறதுக்கு முந்தின நாள் அவ கையில ரெண்டாவது சாவி இருந்துச்சு. தொலையல. அவன் எப்படி...

— பக்கத்துல ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். 'புதுச் சாவி வேண்டாம்.' இப்ப ஞாபகம் வருது எனக்கு. உயரமா, சாந்தமா ஒரு ஆளு. தொலைஞ்சதுக்குப் பதிலா ஒண்ணு வெட்டித் தரவான்னு கேட்டேன். எல்லாரும் வெட்டிக்குவாங்க, அதுக்குத்தானே வர்றது. 'வேண்டாம், வீட்டுக்கு ஒரு சாவி போதும்'னான். அழிக்கிறவங்களை நான் ரொட்டி மேல கை வெச்சுச் சொல்லச் சொல்வேன், வண்டி தன்னோடதுன்னு. வெச்சான். எனக்கு ஒரு பாக்கெட் சிகரெட் கூட வாங்கிக் குடுத்தான். நல்ல மனுஷன்னு நினைச்சேன்.

— அவ கிளம்பப் போறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

— சாவியை அவ எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு அவனுக்குத் தெரியல போலிருக்கு. கேட்டா அவ உஷாராயிடுவா. அதனால சத்தமில்லாம எங்கிட்ட வந்துட்டான். இந்தக் கையாலதான் நான்...

— எங்கம்மா மடியில படுத்து அழுதானே அண்ணே. 'எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா, வெறும் வானத்துலேர்ந்து இடி விழுந்த மாதிரி இருந்துச்சு'ன்னு. எங்கம்மா அவனுக்கு சூப் வெச்சுக் குடுத்தாங்க.

— எந்திரி. நோட்டை எடுத்துக்கறேன், கடையைச் சாத்துறேன். போலீஸுக்குப் போவோம். பொண்டாட்டி ஓடிட்டான்னு சொன்னவன் முந்தின நாளே வழியை அடைச்சிருக்கான்னா, அதுக்கு அவன் பதில் சொல்லட்டும். நானே சாட்சி சொல்றேன். எந்திரி தங்கச்சி.

— உக்காருங்க அண்ணே.

— என்ன உக்கார்றது? ஒன்பது மாசம் உக்காந்தாச்சு!

— அழிச்ச சாவியைப் போட்டுத் திருகினா வண்டி என்ன பண்ணும்?

— அதெதுக்கு இப்ப? ஒரு செகண்ட் உறுமும், அணைஞ்சிடும். மறுபடி திருகினா மறுபடி அதேதான். நாள் பூரா திருகினாலும் அவ்வளவுதான்.

— முன்னாடி, வேகம் காட்டுற முள்ளுக்குப் பக்கத்துல, ஒரு சின்ன விளக்கு மினுக்குமா? பச்சையா. சாவி படம் போட்டது.

— மினுக்கும். அது உனக்கெப்படித் தெரியும்? உன் சாவிதான் வேலை செய்யுதே, நீ பாத்திருக்க முடியாதே.

— நான் பாக்கல. அவ சொன்னா.

— எப்ப சொன்னா?

— யார்கிட்டயும் நான் சொல்லல அண்ணே. ஜானிஷுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. அவ போகப்போறது எனக்குத் தெரியும்னா, அனுப்பினதே நான்னு ஆயிடுமேன்னு பயம். வெள்ளிக்கிழமை மத்தியானம், அவன் மசூதிக்குக் கிளம்பின உடனே எனக்குப் போன் பண்ணினா. வண்டிக்குள்ள உக்காந்துட்டுப் பேசினா. மூச்சு வாங்குச்சு அவளுக்கு. 'அக்கா, கிளம்பிட்டேன், ஒரு மணி நேரம்தான் இருக்கு, வண்டி பிடிக்க மாட்டேங்குது, என்னமோ பச்சையா மினுக்குது, நான் என்ன பண்ணட்டும்'னா.

— அப்ப லாரி?

— அவன் லாரின்னு சொன்னதும் நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். வண்டி பிடிக்கலேன்னதும் அவசரத்துல கிடைச்சதுல ஏறிப் போயிட்டா போலன்னு. அப்படி நினைச்சுக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு.

— அவ கேட்டதுக்கு நீ என்ன சொன்னே?

— அன்னிக்கு மைனஸ் முப்பத்திரெண்டு. நரின்ல, ஜனவரியில, வண்டி பிடிக்கலேன்னா யாராவது சாவியை நினைப்பாங்களா?

— மாட்டாங்க. நானே நினைக்க மாட்டேன். நானும் அதையேதான்... தங்கச்சி, நீ என்ன சொன்னே அவகிட்ட?

— பேட்டரி உறைஞ்சிருக்கும்டி, பதறாதே, அதைக் கழட்டித் தூக்கிட்டு உள்ள போய் அடுப்போரமா வை, நாளைக்குப் போயிக்கலாம்னேன்; சரிக்கான்னு சொல்லிட்டு அவ வீட்டுக்குள்ள போயிட்டா.